இரண்டாவது அடி

முதல் அடியைப் பற்றி ஊரில் யாருக்கும் சண்டை இல்லை. வெட்டுக்கத்தியோடு வந்தவனை ஒருத்தி விறகுக்கட்டையால் அடித்தாள். அது தற்காப்புதான் என்று செத்துப்போன ஷாஜியின் கூட்டாளிகளே ஒப்புக்கொண்டார்கள். சண்டையெல்லாம் இரண்டாவது அடியைப் பற்றி. விழுந்து கிடந்த புருஷனை லிஜா மறுபடியும் ஏன் அடித்தாள்?

ஷாஜியின் ஊரான காரோட்டிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற பஸ்ஸில் இதைப் பேசினார்கள். கேரள எல்லைக்கு அப்பால் களியக்காவிளைச் சந்தையில் மீனுக்கு விலை கேட்டபடியே பேசினார்கள். ஒரு சேனலில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரும் பெண்கள் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் மாறிமாறிக் கத்தினார்கள். காரோடு ஊர் முக்கில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர்கள் ஷாஜியின் சிரிக்கிற படத்தைப் போட்டு நீதி கேட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் பெண்கள் சிலர் லிஜாவின் பெயர் எழுதிய அட்டைகளோடு வெயிலில் நின்றார்கள்.

ஷாஜியின் தங்கை சினி பாறசாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். சுடிதார் எடுக்க வந்த இரண்டு பெண்கள், அவள் யாரென்று தெரியாமல், அவள் முன்னாலேயே வாக்குவாதம் செய்தார்கள்.

"ஒண்ணு அடிச்சா, செரி. அவன் விழுந்தாச்சில்லா? அப்பம் ஓடியிருக்கலாமே?"

"ஓடி எங்க போவா? எழும்பி வந்து வெட்டுவான்."

"நீ சொல்லு பிள்ளே," என்று முதலாமவள் சினியைப் பார்த்தாள். "ஒரு அடி போதாதா?"

"இதுல பச்சையும் உண்டு, எடுக்கட்டா?" என்றாள் சினி.

ஷாஜி டிப்பர் ஓட்டினவன். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் ஓடுவான். சாவு வீட்டில் பந்தல் கட்ட அவன்தான் நிற்பான். சர்ச்சுப் பாடகர் குழுவில் அவன் குரல் தனியாகக் கேட்கும். வீட்டில் அவன் எப்படி என்பது அம்மா சுகிர்தபாய்க்கும் சினிக்கும் லிஜாவுக்கும் மட்டும்தான் தெரியும். அடி விழுகிற சத்தம் கேட்டால் சுகிர்தபாய் வேதப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாள். ஒருநாள் அவன் முறுக்கியதில் லிஜாவின் மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டோடு அவள் ஒற்றசேகரமங்கலத்தில் இருக்கும் தன் அப்பன் வீட்டுக்குப் போனாள். பிறகு திரும்பி வரவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், சாப்பாட்டை முடிக்காமல் ஷாஜி எழுந்து போனதையும், அடுக்களை மூலையில் இருந்த வெட்டுக்கத்தியைச் சாக்கில் சுற்றிப் பைக்கில் வைத்ததையும் சினி பார்த்தாள். தடுத்தபோது தள்ளிவிட்டுப் போனான். மைனி என்று தான் கூப்பிடும் லிஜாவுக்குப் போனில் விளித்தாள், அவள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு தீபுவின் ஆட்டோவில் பின்னாலேயே போனாள். ஆட்டோ ஏறாத மேட்டில் இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள். லிஜாவின் வீட்டுப் பின்முற்றத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது விறகு அடுக்கிய புரைக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். இரண்டு அடிகளையும் சினி பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் அவளிடம் கேட்டது, எத்தனை அடி என்று. "ரெண்டு" என்றாள். அப்போது அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. சினியும் சொல்லவில்லை.

சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளன்று காலையில் சுகிர்தபாய் மகளுக்கு இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மக்கா, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல்ல. அவன் விழுந்து கெடந்தான். அது உள்ளதுதானே?"

"உள்ளதுதான் அம்மா."

"கெடந்தவனை அவ அடிச்சா. அதுவும் உள்ளதுதானே?"

சினி இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அது மட்டும் சொன்னா போதும். கூடுதலா ஒண்ணும் பறையாண்டாம்."

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் அன்று நிற்க இடமில்லை. டிப்பர்காரர்கள் ஒருபுறமும் அட்டை பிடித்த பெண்கள் மறுபுறமும் இருந்தார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்ற லிஜா மெலிந்திருந்தாள். ஒடிந்த மணிக்கட்டு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் சினி அவளைப் பார்க்கிறாள். லிஜா அவளைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பது போல. அதன் அர்த்தம் அங்கே சினிக்கு மட்டும்தான் புரிந்தது.

அரசு வக்கீலின் கேள்விகள் சின்னதாக இருந்தன. முதல் அடியில் ஷாஜி விழுந்தானா? விழுந்தான். கத்தி கையை விட்டுப் போனதா? போனது. பிறகு லிஜா மறுபடி அடித்தாளா? அடித்தாள். அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

லிஜாவின் வக்கீல் இளம்பெண். வீட்டில் நடந்த அடிகளைப் பற்றிக் கேட்டாள். சினி ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள். டிப்பர்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு வக்கீல் கேட்டாள்: "இரண்டு அடியும் ஒரே மூச்சில், அந்தப் பதற்றத்தில் விழுந்ததுதானே?"

ஆமாம் என்று சொன்னாலே வக்கீலுக்குப் போதும்.

"இல்லை," என்றாள் சினி. "முதல்ல அடிச்சதும் மைனி திரும்பி அடுக்களைப் பக்கம் நடந்தா. பிறகு வந்துதான் அடிச்சா."

கோர்ட்டில் பெரிய சலசலப்பு. விலகிப் போனவள் திரும்பி வந்து அடித்திருக்கிறாள் என்றால் அது கொலைதான். வக்கீலின் முகம் வெளுத்தது. மேலே கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அவள் உட்காரப் போனாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"போனவள் எதற்குத் திரும்பி வந்தாள்?" என்று அவரே கேட்டார்.

"நான் விளிச்சேன் சார்."

"என்னவென்று?"

சினி சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் முட்டுக்குத்தி எழும்பினான். கத்தியை மறுபடி எடுத்தான். மைனி முதுகைக் காட்டி நடக்கா, அவளுக்குத் தெரியல்ல. நான் 'மைனி, கத்தி'ன்னு கூப்பாடு போட்டேன். அவ திரும்பினா. அவன் கத்தியை ஓங்கிட்டான். அப்பம்தான் அடிச்சா."

எதிர்க் கூண்டில் லிஜா கண்களை மூடிக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ்ந்துவிட்டதால் குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்றார். இதைப் போலீசிடம் ஏன் சொல்லவில்லை? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? குற்றவாளி மேல் அவ்வளவு பாசமா?

"எத்தனை அடின்னு கேட்டாங்க, சொன்னேன். பாசம் ரெண்டுபேர் மேலயும் உண்டு சார். செத்தது எனக்க அண்ணனாக்கும். நான் சத்தம் போடாம இருந்தா அவன் இன்னைக்கும் இருப்பான். அவ இருக்கமாட்டா."

வெளியே வந்தபோது அம்மா ஏற்கெனவே பஸ் ஏறிப் போயிருந்தாள்.

அன்று முதல் பேச்சு சினியின் பக்கம் திரும்பியது. சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார்கள். கூடப்பிறந்தவனைக் கொல்லக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒருவர் சேனலில் சொன்னார். துணிச்சல்காரி என்று இன்னொருவர் புகழ்ந்தார். அப்போதும் சினி டிவியை அணைத்துவிட்டாள். சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அம்மா அவளுக்குச் சோறு வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், பேசவில்லை.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. இரண்டாவது அடி விழுந்தபோதும் ஆபத்து முடிந்திருக்கவில்லை என்று நீதிபதி சொன்னார். லிஜா விடுதலையானாள். கோர்ட் வராந்தாவில் பெண்கள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. மைக்குகளுக்கு நடுவிலிருந்து விலகி அவள் தூணோரம் நின்ற சினியிடம் வந்தாள்.

"நீங்க எதுக்கு மைனி உங்க வக்கீலிட்டகூட இதைச் சொல்லல்ல?" என்று கேட்டாள் சினி. "ஜெயில்ல கெடந்தீங்களே."

"சொன்னா உனக்க அம்மை உன்னை வீட்டுக்குள்ள கேறச் சம்மதிப்பாளா? எனக்குத்தான் வீடு போச்சு. உனக்கும் போகணுமா?"

அவள் சினியின் கையைப் பிடித்தாள். மைக்குகள் நெருங்கி வந்தன. லிஜாவின் அப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

சினி நனைந்தபடி காரோட்டுக்கு வந்தாள். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும் என்று முக்கில் நாலைந்து பேர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். வீட்டில் சுகிர்தபாய் அடுக்களைப் படியில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"விட்டாச்சா அவளை?" வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாவின் குரல்.

"விட்டாச்சு."

சுகிர்தபாய் இன்னொரு கிழங்கை எடுத்தாள். உரிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"நீ போட்ட சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும், இல்லியா?"

இதைக் கோர்ட்டிலும் யாரும் கேட்டிருக்கவில்லை. சினி படியில் உட்கார்ந்தாள். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக் குளிர்ந்தது.

"கேட்டுது அம்மா. ஓங்கின கத்தியோட என்னைத் திரும்பிப் பாத்தான்."

"கோவத்தோடயா?"

"இல்ல. நான் அங்க நிக்கது அவனுக்கு அப்பம்தான் தெரிஞ்சுது. ஒண்ணும் மனசிலாவாத மாதிரி பாத்தான். அந்நேரம் அடி விழுந்துது."

சுகிர்தபாயின் கையிலிருந்து கிழங்கு முற்றத்தில் உருண்டது. மகனை அடக்கம் செய்த நாளில்கூட வாய்விட்டு அழாதவள் இப்போது சத்தமாக அழுதாள். சினி அம்மாவின் முதுகில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மழை ஓயும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.