மில் முடிச்சு

எட்டு வருஷம் நூல் மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் நின்றவள் நான். நூலில் தடிப்பு வந்தால் வெட்டு, முடிச்சுப் போடு, ஓட விடு. என் முடிச்சு கடுகில் பாதிகூட இருக்காது. கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். வீட்டுக்காரரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அவர் ராட்டையில் நூற்பார், வீட்டுக்காரர் அதைத் தறியில் நெய்வார். குறுக்கே ஓடும் ஊடை நூலை, தறி நாடாவுக்குள் வைக்கும் தார் என்ற சின்னக் குச்சியில் சுற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

அண்ணியின் நூல் ஓரிடத்தில் தடித்திருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். அதைத்தான் வீட்டுக்காரர் வாய் ஓயாமல் புகழ்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று, ஒருமுறை யாரிடமும் சொல்லாமல், தடிப்பையெல்லாம் வெட்டி எறிந்து முடிச்சுப் போட்டே சுற்றினேன். துணி வழவழவென்று வந்தது. அக்காவின் கையே கை என்றார் வீட்டுக்காரர். சமயம் பார்த்துச் சொல்லி மூக்கை உடைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கையால் நூற்ற துணியை மட்டுமே வாங்கும் கதர்க் கொள்முதல் நிலையத்து அதிகாரி துணியைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. பின்பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்து ஒரு முடிச்சைக் காட்டினார். கையால் நூற்பவர்கள் அறுந்த நூலை முடிய மாட்டார்கள், திரித்தே சேர்ப்பார்கள். இது மில் முடிச்சு, மில் நூலைக் கலந்திருக்கிறீர்கள் என்றார். அண்ணி துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் நூல் மாதிரி தனக்கே தெரியவில்லை என்றார். அது போதாதா? முப்பது வருஷமாக நூற்றவரின் பெயரை நிலையத்தின் நூற்பாளர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பயம் பாதி, வெட்கம் பாதி. பேசவில்லை.

ராட்டை பரண் ஏறியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அண்ணியின் விரல்கள் முந்தானை நுனியைத் திரித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

பத்தாம் நாள் அவரே ஒரு துண்டு நூலோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மில்லுல வைண்டிங்குக்கு ஆள் எடுக்குறாங்களாம். நூலை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? அந்த முடிச்சைக் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இந்தப் பாவத்துக்கு மேல் அதுவும் வேண்டுமா என்று, நூலை வாங்கி அவர் கண்ணெதிரே அறுத்து, முடிச்சைப் போட்டேன்.

அண்ணி அதை நகத்தால் நெருடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதைத்தானே அவர் கண்ணாடி வெச்சுக் காட்டினாரு."

"ஆமா அண்ணி. நான்தான்."

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் முடிச்சைப் பல்லால் கடித்துத் துப்பினார். இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து விரலால் திரித்தார். சேர்த்த இடம் தெரியவில்லை.

"நாளைக்கு என்கூட நிலையத்துக்கு வந்து, அவங்க முன்னாடி உன் முடிச்சைப் போட்டுக் காட்டு. அதுவரைக்கும் என் நூலைத் தொடாதே."

என் மடியில் கிடந்த, தன் நூல் சுற்றிய தார்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.