கிரேன் இறங்கும் நாள்

கொலோன் நகரத்து ஆட்களுக்கு "முடியாது" என்று சொல்லத் தெரியாது. பேராலயத்துக் கோபுரத்தைக் கை காட்டி, "அந்தக் கிரேன் இறங்கட்டும், பார்க்கலாம்" என்பார்கள். பாதியில் நின்றுபோன தெற்குக் கோபுரத்தின் தலையில், கல் ஏற்றுவதற்காக வைத்த மரக் கிரேன் ஒன்று நானூறு வருஷமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கட்டியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், கட்டச் சொன்னவர்களும் போய்ச் சேர்ந்தார்கள், கிரேன் மட்டும் அசையவில்லை. எந்தக் காலத்திலோ அதைக் கழற்றப் போய், ஊரையே புரட்டும் புயல் வந்து, பயந்துபோய்த் திரும்ப ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அதனால் அதன்மேல் சபதம் போட யாரும் யோசித்ததில்லை.

ஹெரிங் மீன் விற்ற அப்போலோனியாவும் யோசிக்காமல்தான் வாயை விட்டாள். அவள் புருஷனை இழந்தவள். ஒரே மகள் கோர்டுலா. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதானபோது, நதிக்கு அக்கரையில் டாய்ட்ஸ் படைமுகாமிலிருந்த ஒரு சிப்பாயைக் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். அவன் ஊரைப் பிடித்து ஆண்ட பிரஷ்யன், போதாக்குறைக்கு புராட்டஸ்டண்டு. கத்தோலிக்கக் கொலோன்காரிக்கு இதில் ஒன்றே தாங்காது.

"அந்தக் கிரேன் என்னிக்குக் கீழே இறங்குதோ, அன்னிக்கு என் வாசப்படிய மிதி. அதுவரைக்கும் நீ அக்கரையிலயே கிட" என்றாள் அப்போலோனியா.

அழுதிருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். கோர்டுலா அழவில்லை. ஜன்னல் வழியே கோபுரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிப் போய்விட்டாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

இது நடந்தது 1846இல். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அப்போலோனியா காலையில் கண் விழித்ததும் செய்த முதல் காரியம், சிலுவை போட்டுக்கொள்வதல்ல. ஜன்னலைத் திறந்து கிரேனைப் பார்ப்பதுதான். மூடுபனியில் கோபுரம் மறைந்திருக்கும் நாட்களில் அவள் ஜன்னலை விட்டு நகரமாட்டாள். பனி விலகும், கிரேன் நிற்கும், அவள் மீன் பீப்பாயை உருட்டிக்கொண்டு சந்தைக்குப் போவாள். இடி மின்னல் ராத்திரிகளில் ஊரே கிரேனுக்காக வேண்டிக்கொண்டபோது, இவள் மட்டும் எதிர்ப்பக்கமாக வேண்டிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது, சாமியார் ஜெபமாலையை இரண்டு சுற்று உருட்டினார். பிறகு பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கொலை செய்தவனுக்குக்கூட அவர் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார்.

மகளைப் பற்றிய சேதி, டாய்ட்ஸிலிருந்து முட்டைக்கோஸ் கொண்டுவரும் ஒருத்தி மூலம் வரும். பிள்ளைகள் இரண்டு என்றாள். அவன் பட்டாளத்தை விட்டுத் தச்சு வேலைக்குப் போகிறான் என்றாள். அப்போலோனியா காதில் விழாத மாதிரியே இருப்பாள். அன்றைக்கு அந்த முட்டைக்கோஸ்காரிக்கு மட்டும் இரண்டு மீன் கூடுதலாக விழும்.

"லோனி அக்கா, நீங்களே ஒரு எட்டு போயிட்டு வந்துட்டா என்ன?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரன் செவரின் கேட்பான். "மாஸ்டர் கெர்ஹார்ட் இந்தக் கோயிலைக் கட்டறப்போ சாத்தானோட பந்தயம் கட்டினாராம். நீங்க பெத்த பொண்ணோட கட்டிட்டீங்க. சாத்தானாவது பேசினா படிஞ்சு வருவான்."

"உன் ஊசிய நீ பாருடா. அவ வரணும்னா வரட்டும்."

"எப்படி வருவா? வாசப்படியத்தான் கோபுரத்து உச்சியில கொண்டுபோய் வெச்சிட்டீங்களே."

அவள் பீப்பாயை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவள். ஆனால் அன்றைக்கெல்லாம் எடை தப்பும், சில்லறை தப்பும். மகளின் குரல் எப்படியிருக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்ததுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

நின்றுபோன ஆலய வேலையை மறுபடி தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியில் தெற்குக் கோபுரத்தை உயர்த்த வேண்டிய முறை வந்தது. கிரேன் வழியில் நின்றது. 1868 மார்ச்சில் அதைக் கழற்றப்போகிறார்கள் என்றதும் ஊர் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. "கிரேன் போனா கொலோனுக்கு முகம் ஏது?" என்று கிழவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்போலோனியாவும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வேறு கண்ணீர் என்று செவரினுக்கு மட்டும் தெரியும்.

கழற்றும் நாளன்று அவள் கடை போடவில்லை. ஆலயத்துச் சதுக்கத்தில் காலையிலிருந்தே நின்றாள். மேலே தச்சர்கள் எறும்பாய் ஊர்ந்தார்கள். நடுப்பகலில் கிரேனின் நீண்ட கை கயிற்றில் இறங்கியது. மாலைக்குள் அதன் தலைமேல் வேய்ந்திருந்த கூரைத் தகடும் வந்துவிட்டது. கூட்டம் பாய்ந்து மரச்சிராய்களை நினைவுக்குப் பொறுக்கியது. அப்போலோனியா கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். தேடுகிற முகம் இல்லை.

"இறங்கிடுச்சு அக்கா. வீட்டுக்குப் போய் அடுப்பப் பத்தவைங்க" என்றான் செவரின்.

போனாள். பட்டாணி சூப் வைத்தாள், பன்றித் தொடை ஒன்றையும் அதில் போட்டாள். மார்ச் குளிர் உள்ளே வந்தாலும் வரட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆலயமணி எட்டு அடித்தது. யாரும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: சபதத்தை இருபத்திரண்டு வருஷமாக ஞாபகம் வைத்திருந்தது தான் ஒருத்தி மட்டும்தானோ? கதவைச் சாத்திவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் வெயில் ஏறியபோது, பூசைக்கு மட்டும் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். மகள் வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். தான் போகமாட்டேன் என்று எந்தக் கோபுரத்தின் பேரிலும் சொல்லவில்லை. இது அவளுக்கு முதல் வருஷமே தெரியும். தெரிந்தும் போகாமல் இருந்தாளே, அதை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. அவசரமாகக் கதவைத் திறந்தாள்.

வாசலில், படிக்கு ஒரு சாண் தள்ளி, கோர்டுலா நின்றிருந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

குரல் மாறவே இல்லை. அப்போலோனியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்கு."

"ஞாயித்துக்கிழமைச் சால்வையில மீன் விக்கப் போறியா?"

"நேத்து ஏன் வரல?" அதட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டாள், கெஞ்சல் மாதிரிதான் வந்தது.

"நேத்து கையும் கூரையும்தான் இறங்குச்சு. நடுக்கம்பம் மேலயே நின்னுது. நான் வந்து, முழுசா இறங்கலையேடின்னு நீ திருப்பி அனுப்பிட்டா? இன்னொரு தடவ என்னால திரும்பிப் போக முடியாதும்மா."

"கம்பம் நின்னுதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

கோர்டுலா கையை விரித்தாள். சாண் நீளத்துக்கு ஒரு மரமுளை, நானூறு வருஷத்தில் கறுத்துப்போனது. "கம்பத்தைப் பிடிச்சிட்டிருந்த கடைசி முளை. இத இன்னிக்குக் காலையில பிடுங்கிக் கம்பத்த இறக்கினதே அவர்தான். அந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் முதல் ஆளாப் போய்ப் பேர் கொடுத்தார்."

மகளுக்குப் பெயர் வைத்த நாள் அப்போலோனியாவுக்கு ஞாபகம் வந்தது. புனித உர்சுலாவோடு கொலோனுக்கு வந்த கன்னிகள் எல்லாரும் விசுவாசத்துக்காக ஒரே நாளில் உயிர் கொடுத்தபோது, பயந்து ஒளிந்துகொண்டு மறுநாள் தானே வெளியே வந்த புனிதை கோர்டுலா.

"உனக்கு அந்தப் பேரை வெச்சதே தப்பு. ஒரு நாள் லேட்டா வரே" என்றாள்.

"ஒரு நாளா? இருபத்திரண்டு வருஷம்மா."

அப்போலோனியா எட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்து, படியைத் தாண்டி உள்ளே இழுத்தாள். விட்டால் மறுபடி அக்கரைக்குப் போய்விடுவாள் என்பதுபோல, உள்ளே வந்த பிறகும் விடவில்லை.

தெருமுனையில் ஒருவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தோளெல்லாம் மரத்தூள்.

"அவர் ஏன் அங்கேயே நிக்கறார்?"

"நீ எனக்குத்தானே சொன்னே. அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையாம். பிரஷ்யன்மா, உத்தரவு வராம அசையமாட்டார்."

அப்போலோனியா மகளின் கையை விடாமலே வாசலுக்கு வந்தாள். அவன் பெயர் அவளுக்குத் தெரியும்; இருபத்திரண்டு வருஷம் சொல்லாமலே இருந்த பெயர் இப்போது வாயில் வரவில்லை.

"மாப்பிள்ளே, உள்ள வாங்க. சூப்பு ஆறுது" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

சூப் நேற்றே ஆறிப்போயிருந்தது.