லெயோன்ஸ் நடந்த வழி

லெயோன்ஸ் போர்தசூல் என்ற மாட்டுக்காரர் மண்ணில் எங்கே நடந்தாலும், மறுநாள் விடிவதற்குள் அந்த இடம் மலைச் சைக்கிள் பாதையாகிவிடும். லா வெர்னாத் கிராமத்தில் இதை முதலில் கவனித்தவை அவருடைய மாடுகள்தாம். ஒரு மார்ச் மாதக் காலையில் தொழுவத்துக்குப் பின்னால் மேயப் போன பசுக்கள், நேற்றுவரை முள்ளும் பெரணியுமாகக் கிடந்த சரிவில் ஒரு பாதை வளைந்து இறங்குவதைக் கண்டு முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டன. மண் இறுகிக் கிடந்தது. திருப்பங்களில் ஓரம் பாங்காக உயர்ந்திருந்தது. ஓக் மரத்தில் மஞ்சள் முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட வழிகாட்டித் தகடு காளான் முளைத்ததுபோல் முளைத்திருந்தது. பாதை தொழுவத்தில் தொடங்கி ஒரு செஸ்நட் மரத்தடியில் சட்டென்று முடிந்தது. முந்தின நாள் சாயங்காலம் லெயோன்ஸ் அந்த மரத்தடிக்கு எதற்காக ஒதுங்கினார் என்பதை ஊகிக்க ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஃபிர்மேனின் காப்பிக்கடையில் அந்தப் பாதைக்கு வைத்த பெயரை வரைபடத்தில் அச்சிட மேயர் மறுத்துவிட்டார்.

மேயர் கிஸ்லேன் கெட்டிக்காரி. பிரான்ஸின் அந்த க்ரூஸ் மாவட்டத்தில் பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் இயந்திரம் வைத்துக் காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு லெயோன்ஸ் வீட்டுக்குப் போய், மலைமுகட்டுப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது, அப்படியே ஒரு நடை போய்வந்தால் உடம்புக்கு நல்லது என்றார். லெயோன்ஸ் ஐம்பது தாண்டிய பிரமச்சாரி. மாடுகளோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டார். மறுத்துப் பேசினால் பேச்சு நீளும் என்பதற்காகவே நடந்தார். போகப்போக இன்னொன்றும் தெரியவந்தது: அவர் மனநிலை எப்படியோ பாதையும் அப்படி. வயிறார உருளைக்கிழங்குப் பணியாரம் சாப்பிட்டுவிட்டு நடந்த நாட்களில் குழந்தைகளும் ஓட்டக்கூடிய பாதை வந்தது. மழை வருமுன் வைக்கோலை உள்ளே எடுக்கத் தவறிய கோபத்தோடு நடந்தபோது, பாறையும் பள்ளமுமாக ஒன்று வந்து, ஒரு பெல்ஜியப் பல் மருத்துவரின் தோள்பட்டை எலும்பை முறித்தது. அவர் அடுத்த ஆண்டு நண்பர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். சில கோடைகளுக்குள் மூடிக்கிடந்த ரொட்டிக்கடை திறந்தது, பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது ஆசிரியை வந்தார், ஃபிர்மேன் கண்ணாடிக் குவளைகளைச் சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினான்.

ஓடைக்கு அக்கரையில் மார்ஸலின் என்றொருத்தி ஆடு வளர்த்து வந்தாள். வடக்கே ரூபே நகரத்திலிருந்து, புருஷன் விட்டுப்போன பிறகு வந்தவள். சத்தமாகச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு ஓடையைத் தாண்டி லெயோன்ஸின் மேய்ச்சல் நிலம்வரை கேட்கும். ஒரு வருஷம் அவளுக்கு வைக்கோல் தட்டிப்போனபோது லெயோன்ஸ் தன்னுடையதில் ஒரு வண்டி இறக்கிவிட்டு வந்தார். அதற்கு ஈடாக அவள் ஒரு பீங்கான் பாத்திரத்தில் புது ஆட்டுப்பால் சீஸ் கொடுத்தனுப்பினாள். சீஸ் அன்றே தீர்ந்தது. பாத்திரம் மாதக்கணக்கில் அடுக்களை ஜன்னலில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதும், கொடுக்கும்போது ஏதாவது சொல்வதும் அவருக்கு மலையைப் பெயர்க்கிற வேலையாகத் தோன்றியது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்த நேரத்தில், பாத்திரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். காலையில் மொத்தமும் மண்ணில் எழுதியிருந்தது. இவ்வளவு வழுவழுப்பான பாதை அந்த ஊரில் அதுவரை வந்ததில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த துணிபோல் கிடந்தது. ஓடையைத் தாண்டி, மார்ஸலின் வீட்டுப் படலுக்கு முன்னால் போய்த் திரும்பி, பக்கத்திலிருந்த வால்நட் மரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, மறுபடி படல்வரை போய், அங்கிருந்து ஒரே ஓட்டமாக லெயோன்ஸ் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பாத்திரம் திரும்பவும் ஜன்னலில்தான் இருந்தது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. “பாத்திரம் குடுக்கப் போனவன் மரத்தை ஏம்ப்பா அத்தனை சுத்துச் சுத்துனான்? ஏதும் நேர்த்திக்கடனா?” என்று ஃபிர்மேன் கடை நிறையக் கேட்டான். லெயோன்ஸ் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். சைக்கிள்காரர்களுக்கோ அந்தச் சுற்றுதான் உயிராகிப்போனது. கூட்டங்கூட்டமாக வந்து மரத்தைச் சுற்றினார்கள், படலுக்கு முன்னால் பிரேக் பிடித்தார்கள், திரும்பினார்கள். மார்ஸலின் ஆடு கறந்துகொண்டே ஒரு வாரம் இதைப் பார்த்தாள். பிறகு சந்தையில் லெயோன்ஸை மடக்கினாள்.

“மிஸ்யே போர்தசூல், வாசல்வரைக்கும் வந்துட்டு எதுக்குத் திரும்பிப் போறீங்க? என் வீட்ல கடிக்கிற நாய்கூடக் கிடையாதே.”

“பாதை அப்படி வந்துடுச்சு, மதாம்,” என்றார் அவர், தன் பூட்ஸைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து லெயோன்ஸ் நடப்பதை விட்டுவிட்டார். எங்கே போனாலும் டிராக்டர். தேவாலயத்துக்கு டிராக்டர், அஞ்சல் நிலையத்துக்கு டிராக்டர், பக்கத்து வீட்டுத் துக்கத்துக்கும் டிராக்டர். வீட்டு முற்றத்தில் சிமென்ட் போட்ட இடத்தில் மட்டும் கால் வைத்தார். சிமென்ட்டில் பாதை பிடிப்பதில்லை. அவர் காலடி படாமல் குளிர்காலம் கழிந்ததும், பழைய பாதைகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. முட்புதர் மூடியது, தகடுகள் உதிர்ந்தன. மேயர் பூட்ஸைப் பற்றி விசாரித்தார், கெஞ்சினார், பாதிரியாரை அனுப்பிப் பார்த்தார். லெயோன்ஸ் டிராக்டரின் இரைச்சலில் எதுவும் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். ஆனால் அந்த இரைச்சலில் ஓடைக்கு அப்பாலிருந்து வரும் சிரிப்பும் அவருக்குக் கேட்காமல் போயிற்று. அது நின்றே போயிருந்தது என்பது அதனால் அவருக்குத் தெரியவில்லை.

பெந்தெகோஸ்தே திருநாளுக்கு மறுநாளான திங்கட்கிழமை ஊரின் வருடாந்தர சைக்கிள் பந்தயம். நெஞ்சில் எண் கட்டிய கூட்டம் தேவாலயச் சதுக்கத்தில் நின்றது. ஆனால் பந்தயப் பாதை துணி துவைக்கும் பொதுத் தொட்டியைத் தாண்டியதும் புதருக்குள் மறைந்துவிட்டிருந்தது. பதவிக்குரிய நீல வெள்ளைச் சிவப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு மேயர் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போது லெயோன்ஸ் ரொட்டி வாங்க டிராக்டரில் வந்தார். ஃபிர்மேன் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. டிராக்டர் அருகே வந்து நின்று, “மார்ஸலின் ஆட்டையெல்லாம் விக்கிறாளாம். ரூபேல இருக்கிற அக்கா வீட்டுக்கே திரும்பிப் போறாளாம். சந்தையில உன்கிட்ட கேட்டதுக்குப் பதில் கெடச்சிடுச்சுன்னு ரொட்டிக்கடையில சொல்லிட்டுப் போனா,” என்றான்.

லெயோன்ஸ் டிராக்டரை அணைத்தார், இறங்கினார், தொட்டியைத் தாண்டிப் புதருக்குள் நடந்தார்.

மறுநாள்வரை காத்திருக்கப் பாதைக்கும் பொறுமை இல்லைபோலும். அவர் குதிகால் எழும்ப எழும்ப, பின்னாலேயே முள் விலகி மண் இறுகியது, தகடுகள் மரத்துக்கு மரம் முளைத்தன. பந்தயக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழி இல்லாததால் அந்த வழியே பின்தொடர்ந்தார்கள். அவரை முந்த முடியாது, அவருக்கு முன்னால் பாதை கிடையாது. எனவே பெடலை மிதித்தும் நிறுத்தியும், காலை ஊன்றியும், நீண்ட வரிசையாக நத்தை வேகத்தில் வந்தார்கள். மேயரும் பட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கூடவே வந்தார். லெயோன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடையைத் தாண்டினார். வால்நட் மரத்தருகே வந்ததும் கால் தானாக வலப்பக்கம் வளைந்தது.

“இந்தத் தடவை சுத்த வேண்டாம் லெயோன்ஸ். பின்னாடி பெரிய கூட்டம் நிக்குது,” என்றார் மேயர்.

லெயோன்ஸ் நேரே போய்ப் படலைத் திறந்தார். மார்ஸலின் ஒரு கிடாயின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள்.

“இத்தனை பேரை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

“நான் கூப்பிடல. பின்னாடியே வந்துட்டாங்க.”

“கையில பாத்திரத்தைக் காணோம்?”

“மறந்துட்டேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

லெயோன்ஸ் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். “நீங்க போக வேண்டாம்னு சொல்லத்தான்,” என்றார்.

மார்ஸலின் கிடாயை விட்டாள். “இதைச் சொல்ல உனக்கு ஒரு குளிர்காலம் ஆச்சா?” என்றாள்.

அந்த ‘உனக்கு’ என்ற சொல்லை முன்வரிசையில் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொல்ல, அது வரிசையோடு சரிவிறங்கி ஓடைவரை போயிற்று. தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒரு ஹாலந்துக்காரர் கைதட்டினார். பந்தயம் அதற்குமேல் நடக்கவில்லை. எல்லோரும் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, விற்பனைக்கு எடுத்துவைத்திருந்த சீஸைத் தின்று தீர்த்தார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் என்ற முறையில் கோப்பையை மேயர் லெயோன்ஸுக்கே கொடுத்தார். ஆட்டை வாங்க வந்த வியாபாரிக்கு மார்ஸலின் மதியச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

அவர்கள் ஒரே வீட்டில் குடியேறவில்லை. மாடுகளை விட்டு அவர் வரமாட்டார், ஆடுகளை விட்டு அவள் வரமாட்டாள். தீனி வைத்துவிட்டு லெயோன்ஸ் தினமும் ஓடையைத் தாண்டிப் போய்வந்தார். பாதை அகன்று, இரண்டு சைக்கிள்கள் சேர்ந்து போகும்படி ஆயிற்று. சண்டை போட்டுக்கொண்ட வாரங்களில் அதில் கல் முளைக்கும். ஊர் அறிந்துகொண்டு சுற்றுவழியில் போகும். இப்படியே வருஷங்கள் ஓடின.

ஓர் இலையுதிர் காலத்தில் சினைப்பசு ஒன்று லெயோன்ஸின் பாதத்தை மிதித்துவிட்டது. கட்டுப்போட்டுப் படுக்கையில் கிடந்தார். அதுவரை அவர் வாசலை மிதித்தே இராத மார்ஸலின், அன்று மாலை கையில் சூப்புச் சட்டியோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தாள். காலையில் பார்த்தால் அவள் வாசலிலிருந்து அவர் கட்டில்வரை புதிதாக ஒரு பாதை கிடந்தது. லெயோன்ஸ் போட்ட பாதை எதைப் போலவும் அது இல்லை. ஒரு வளைவு கிடையாது. காஞ்சொறிப் புதரைப் பிளந்து, ஓடையின் ஆழமான இடத்தில் இறங்கி ஏறி, துணை மேயரின் மக்காச்சோளக் காட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நேராக வந்திருந்தது. மேயர் ஒன்றும் கேட்காமல் அதையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பாதையில் பிரேக் பிடிக்க இடமே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. லா வெர்னாத்தில் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.