ஆயர் அவிழ்த்த கயிறு

புது ஆயர், அதாவது பிஷப், நகருக்குள் நுழையும் நாளில், சிறையில் கிடப்பவர்கள் அத்தனை பேரையும் தன் கையாலேயே அவிழ்த்துவிட வேண்டும். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரின் வழக்கம் அப்படி. ஒருவனை விட்டுவைத்தாலும் பேராலயக் கதவு திறக்காது, ஆயர் பதவியும் கிடையாது. இது தெரிந்து, எங்கெங்கோ கொலை செய்தவனெல்லாம் முன்கூட்டியே ஓடிவந்து தானாகச் சிறையில் உட்கார்ந்துகொள்வான். அநியாயம்தான், யாரிடம் போய்ச் சொல்வது!

எவ்ரார் அந்தப் பதவிக்காகப் பாதி ஆயுளைக் கரைத்தவர். திருச்சபையில் எழுத்தராக நுழைந்து, குருவாகி, அரண்மனைக்கும் ரோமாபுரிக்கும் நடையாய் நடந்து வாங்கிய பதவி. இன்று வெறுங்காலோடு நகர வாசலில் நிற்கிறார். கழுத்தில் கயிறோடு மண்டியிட்டிருந்தவர்களை ஒவ்வொருவராக அவிழ்த்துக்கொண்டே வந்தவர், கடைசி ஆளைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். ஃபுல்க்கோ! அவருடைய தம்பி ஓடோவைக் குத்திக் கொன்றுவிட்டு ஓடிப்போனவன்.

"டேய் எவ்ரார்!" கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள் அவருடைய தாய் ஹெர்சென்ட். "அவன விட்டுடாதடா! விட்டேன்னா நீ எனக்குப் புள்ளயே இல்ல!"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரும்மா."

"ஏன்டா சும்மா இருக்கணும்? செத்தவன் தெருவுல போறவனா? உன் தம்பிடா!"

தலைமைக் குரு அவர் காதோரம் குனிந்தார். "சாமி, யோசிக்காதீங்க. நீங்க பின்வாங்கினா, கோட்டைப் பிரபு தன் மச்சான ஆயர் நாற்காலில உக்கார வச்சிருவாரு."

குற்றத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் கட்டு அவிழும். "சொல்லு," என்றார் எவ்ரார்.

"ஓடோவக் கொன்னேன் சாமி. தண்ணி கேட்டான், குடுக்கல." ஃபுல்க்கோ நிமிர்ந்து பார்த்தான். "வழக்கத்த மீற மாட்டீங்கல்ல?"

எவ்ராரின் விரல்கள் முடிச்சைப் பற்றின. ஒரு இழுப்பு போதும். பாவி கழுத்து கைக்குள்ளேயே இருக்கிறது. கயிறு இறுகியது, ஃபுல்க்கோவின் முகம் சிவந்து கண் பிதுங்கியது.

பிறகு அவர் முடிச்சை அவிழ்த்தார்.

"போ. என் கண்ணுல படாத."

மணிகள் முழங்கின, கதவு திறந்தது. நாற்காலியில் அமர்ந்த ஆயரின் மோதிரத்தை முத்தமிட ஊரே வரிசையில் வந்தது. ஹெர்சென்ட்டும் வந்தாள். அவர் பதறி எழுந்தார்.

"அம்மா..."

அவள் எல்லாரையும் போல முழந்தாளிட்டு மோதிரத்தை முத்தமிட்டாள்.

"நல்லா இருங்க, ஆயர் ஆண்டவரே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"அம்மா, நில்லும்மா!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் அவர் கையைப் பிடித்துக் குனிந்தார்.