கடல் சிங்கத்தின் மூக்கு

கடல் சிங்கம் வெடித்தபோது நிபால்தோ சூளைக்கு இன்னொரு விறகை ஊட்டிக்கொண்டிருந்தான்.

சத்தம் ஒன்றும் பெரிதில்லை. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டியது மாதிரி ஒரு ‘டொப்’. பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் பாத்திர அலமாரி ஒன்று அவசரமே இல்லாமல் சரிந்து விழுகிற மாதிரி நீளமான ஒரு சலசலப்பு. விறகைக் கையில் பிடித்தபடி நிபால்தோ அப்படியே நின்றான். அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று மண்ணைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். காயாத உருவம் ஏதோ உள்ளே போயிருக்கிறது. அதன் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல், வெடித்திருக்கிறது.

அந்தக் காயாத உருவம் அவன் செய்த கடல் சிங்கம். முந்தின நாளே ஓரியேத்தா சொல்லியிருந்தாள், “நிபா, இது ரொட்டி மாதிரி கெட்டியா இருக்கு. உள்ளே குடைஞ்சு எடு, அடுப்போரமா வச்சுக் காயவை. அடுத்த சூளைக்குப் போடலாம்.” அடுத்த சூளை என்றால் அடுத்த வருஷம். அவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மண் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அதைக் கன்னத்தில் வைப்பார்கள். சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள். அவனும் வைத்துப் பார்த்தான். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் ஜூலை மாதத்தில், நடுக்குளிர்காலத்தில், தென்கோடிச் சிலோவே தீவுகளில் எதுதான் சில்லென்று இல்லை? அவன் கன்னமே சில்லென்றுதான் இருந்தது. இரண்டும் ஒரே குளிர், ஆகவே காய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதி, யாரும் பார்க்காதபோது அதைப் பின்வரிசையில் வைத்துவிட்டான். காலையில் நெருப்பு பார்க்கும் முறை அவனுக்கு வந்தது. கை விறைத்தது. குளிர் காய்கிற ஆசையில், மெதுவாக ஏற வேண்டிய சூட்டை அவசர அவசரமாக ஏற்றினான்.

நெருப்பை அணைத்து, சூளை ஆறி, வாசலை அடைத்திருந்த செங்கற்களை எடுத்தபோது சாயங்காலம். முதலில் ஓரியேத்தா உள்ளே பார்த்தாள். சூளை அவளுடையது, வீடு அவளுடையது, நால்வரில் அந்த மெல்லேவே தீவில் வருஷம் முழுக்க இருப்பவளும் அவள் ஒருத்திதான்.

“சரி,” என்றாள்.

விளாதிமிர் தன் ஆறடி உடம்பை மடக்கி எட்டிப் பார்த்தான். கொக்கின் கழுத்து போல் நீண்ட ஜாடிகள் செய்கிறவன். இப்போது கழுத்து தனி, ஜாடி தனி. “ம்ம்,” என்றான்.

கடைசியாக மாரிசெல் குனிந்தாள். முட்டை ஓடு மாதிரி மெல்லிய கோப்பைகளை வந்த நாளிலிருந்து வனைந்து அடுக்கியிருந்தாள். அவள் கையை விட்டுத் துழாவியபோது மண் சல்லியும் தூளும்தான் வந்தன. அந்தக் குப்பைக்குள்ளிருந்து முழுசாக ஒன்று கிடைத்தது. எடுத்து ஊதித் துடைத்தாள். கடல் சிங்கத்தின் மூக்கு. மீசைக்காக நிபால்தோ குத்திய புள்ளிகள்கூடக் கலையவில்லை.

“மூக்கு தப்பிச்சிருச்சு,” என்றாள்.

“நான் வேணும்னா கடல்ல குதிச்சிடறேன்,” என்றான் நிபால்தோ. “ஆனா அங்கயும் நிஜ கடல் சிங்கம் இருக்கும். மூக்கைக் கேட்கும்.”

மூவரும் சிரித்துவிட்டார்கள். அது அவன் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அதற்குப் பின்னால் வந்தது.

“விடுடா, மண்ணுதானே,” என்றான் விளாதிமிர்.

“மண்ணுதானே,” என்றாள் ஓரியேத்தா.

மாரிசெல் மூக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு என்றால் ஒரு கணக்கு, வாங்கிக்கொண்டு தீர்த்துவிடலாம். இந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் காலை படகேறிப் போய்விடலாம் என்பதே அவனுக்கு ஒரே ஆறுதல்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கம்பியில்லாக் கருவி கரகரத்தது. படகுக்காரர் தோன் எல்வியோ.

“மேஸ்திரிங்களா, கேக்குதா? வடக்குக் காத்து எழும்பிருச்சு. கடற்படைக்காரங்க துறையை மூடிட்டாங்க. தோணிகூட நகரக்கூடாதாம்.”

“எப்பத் திறப்பாங்க?” என்று நிபால்தோ கிட்டத்தட்ட கத்தினான்.

“காத்தைத்தான் கேக்கணும்,” என்று சொல்லிவிட்டு தோன் எல்வியோ கருவியை அணைத்தார்.

அன்றிலிருந்து நால்வரும் சமையலறைக் கைதிகள். வீட்டில் விறகடுப்பு இருந்தது அங்கே மட்டும்தான். மற்ற அறைகளில் உட்கார்ந்தால் வாயிலிருந்து புகை வரும். ஜன்னலுக்கு வெளியே மழை படுக்கைவாட்டில் பெய்தது. அடுப்பைச் சுற்றி நான்கு நாற்காலிகள். நிபால்தோ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரே, தான் உடைத்த ஏதோ ஒன்றின் சொந்தக்காரர் இருப்பார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு தடவை வெளியே போனான். தீவைச் சுற்றி வந்துவிடலாம் என்று எண்ணம். கோழிக்கூண்டுவரை போனான். காற்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. கோழிகள் அவனைப் பார்த்த பார்வையிலும் மன்னிப்பு இருந்ததாகத் தோன்றியது.

வெடித்த மண் மட்டும் என்றால் தாங்கியிருப்பான். அவன் தீவுக்கு வந்ததே ஒரு பதிலுக்காக. நால்வரும் கன்செப்சியோனில் ஒரே கலைப்பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். குளிர்கால விடுமுறைக்கு ஓரியேத்தா வீட்டில் கூடி, மண்ணைப் பிசைந்து, ஆப்பிள் கள் குடித்துக் கலைந்து போவது வருஷாவருஷம் நடப்பது. இந்த வருஷம் மற்ற மூவரும் தோமே ஊரில், கடலைப் பார்த்த ஒரு பழைய மீன் கிடங்கைப் பட்டறையாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வசந்தத்தில் வேலை தொடங்கும். அங்கே நாலு பேருக்கு இடம். ஜன்னலோர இடம் காலி. “அதைப் பத்தி நேர்ல பேசலாம், வா,” என்று ஓரியேத்தா எழுதியிருந்தாள்.

இதைப் படித்த மறு வாரமே நிபால்தோ வேலையை விட்டுவிட்டான். சாந்தியாகோவில் கழிப்பறைப் பீங்கான் தொழிற்சாலையில் அச்சு சரிபார்க்கிற வேலை. “பாதி நாடு என் படைப்பு மேலதான் தினமும் உட்காருது. எந்தச் சிற்பிக்கு இந்தக் கொடுப்பினை?” என்று சொல்லிச் சொல்லிப் பத்தொன்பது வருஷம் ஓட்டியாயிற்று. வேலையை விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அவ்வளவு உறுதி.

இப்போது அந்த உறுதியும் சூளைக்குள் போய் வந்த மாதிரி இருந்தது.

அடைபட்ட முதல் நாள் காலை விளாதிமிரைப் பிடித்தான். மாத்தே என்னும் கசப்புத் தேநீர் சுற்றில் இருந்தது. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழாய், கை மாறி மாறி வரும்.

“விளாதி, தோமே இடம் என்னடா ஆச்சு?”

விளாதிமிர் குழாயை உறிஞ்சினான். குடுவை காலியான பிறகும் உறிஞ்சினான். “ஓரியேத்தாதான் எல்லாம் பார்க்கிறா. நான் சும்மா உயரமா இருக்கேன்.” குடுவையை ஓரியேத்தாவிடம் நீட்டி, “நன்றி,” என்றான். மாத்தே சுற்றில் நன்றி சொன்னால் ‘போதும், இனி எனக்கு வேண்டாம்’ என்று பொருள், எழுந்து போகலாம். எழுந்து போனான். எங்கே போவான்? நாலடி தள்ளி விறகுப் பெட்டியில் உட்கார்ந்து, சுவரைக் கவனமாகப் பார்த்தான்.

“ஓரியேத்தா?”

“பார்க்கலாம் நிபா.”

“எதைப் பார்க்கணும்? நான் இங்கதானே இருக்கேன். எல்லாப் பக்கமும் காட்டறேன், பார்த்துக்கோ.”

அவள் சிரித்தாள், வெந்நீரை ஊற்றினாள், குடுவையை அவனிடம் கொடுத்தாள். “மாரிசெல்லையும் கேக்கணும்ல. மூணு பேரும் சேர்ந்து எடுக்கற முடிவு. பார்க்கலாம்.”

அடைபட்ட எலிக்குக்கூட எந்தப் பக்கம் கம்பி என்று தெரியும். அவனைச் சுற்றி இருந்ததோ பஞ்சு. எந்தப் பக்கம் முட்டினாலும் ‘பார்க்கலாம்’ என்று உள்வாங்கியது.

மாரிசெல் சமையலறை மூலையிலேயே மிதிசக்கரத்தைப் போட்டு, இழந்த கோப்பைகளை மறுபடி வனையத் தொடங்கியிருந்தாள். நிபால்தோ அருகே போய் நின்றான். கேட்க வந்தது தோமே இடத்தைப் பற்றி. வாய்க்கு வந்தது வழக்கமான சரக்குதான். தொழிற்சாலையில் கழிப்பறைப் பீங்கான்களைச் சோதிக்க ஒரு செயற்கை இடுப்பு உண்டு. அதற்கு மேலாளரின் பெயரை வைத்திருந்தார்கள். ஒருநாள் மேலாளரே வந்து, “இன்னைக்கு யார் சோதனை பண்றது?” என்று கேட்டார். “நீங்கதான் சார், காலைலேர்ந்து உட்கார்ந்திருக்கீங்க,” என்று...

மாரிசெல் சிரித்தாள். தோள் குலுங்கியது, கை ஆடியது, எழும்பிக்கொண்டிருந்த கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிடிவாதக் குழந்தை மாதிரி உட்கார்ந்துவிட்டது.

“ஐயோ, நிபா!” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மண்ணை அறுத்து எடுத்தாள். மறுபடி நடுவில் வைத்தாள். அவன் மேலாளரின் மாமியார் கதையை எடுத்தான். அந்தக் கோப்பையும் போயிற்று. மூன்றாவது மண் உருண்டையை வைத்தவள் சக்கரத்தை நிறுத்தினாள். சால்வையைச் சுற்றிக்கொண்டு, விளாதிமிரைக் கூப்பிட்டுச் சக்கரத்தைத் தூக்கிப் பின்கொட்டகைக்கு எடுத்துப் போனாள். அங்கே அடுப்பில்லை, கூரை ஒழுகும். பலகை இடுக்கு வழியாக அவன் பார்த்தான்: விறைத்த விரல்களை வாயால் ஊதி ஊதி வனைந்துகொண்டிருந்தாள்.

இந்தக் குளிரிலும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவு கோபம் என்று அவன் முடிவுகட்டினான். தன்னைப் பற்றித் தவறான முடிவுகளை வேகமாக எடுப்பதில் அவனுக்கு நல்ல பயிற்சி உண்டு.

அடுத்த நாளும் துறை மூடித்தான் இருந்தது. அவன் உருளைக்கிழங்கு துருவினான், சாம்பல் அள்ளினான், கேட்காதபோதே பாத்திரம் கழுவினான். நல்ல பிள்ளையாக இருந்து பார்த்தான். ஒவ்வொரு தட்டைக் கழுவி வைக்கும்போதும், ‘பார்த்துக்கொள்ளுங்கள், இதை உடைக்கவில்லை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். விளாதிமிரோ அவனோடு தனியாக இருக்க நேர்ந்தால் உடனே விறகு பிளக்கப் போனான். வசந்தம்வரை போதுமான விறகு சேர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் காற்று நின்றது. கருவி கரகரத்தது.

“மேஸ்திரிங்களா, திறந்துட்டாங்க! வந்துட்டே இருக்கேன். ஆனா தண்ணி வத்திக் கிடக்கு, கரைவரைக்கும் வர முடியாது. சேத்துல இறங்கி நடந்து வாங்க. பூட்ஸ் போட்டுக்கோங்க, தூக்கிட்டுப் போக எனக்கு இடுப்பு கிடையாது.”

மூன்று நாளாக அவன் ஏங்கிய செய்தி. வந்தபோது வேண்டாம் போலிருந்தது. இந்தப் படகில் ஏறிவிட்டால் பதில் கடிதத்துக்குப் போய்விடும். கடிதத்தில் ‘பார்க்கலாம்’ இன்னும் சுலபம்.

கடல் உள்வாங்கி, கருப்புச் சேறு படகுவரை பளபளவென்று நீண்டு கிடந்தது. ஓரியேத்தா வீட்டு வாசலில் நின்று கையசைத்தாள். விளாதிமிர் தன் நீளக் கால்களால் முன்னால் போய்விட்டான். பின்னால் நிபால்தோ, அவனுக்கும் பின்னால் கோப்பைப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மாரிசெல். பாதி வழியில் நிபால்தோவின் வலது பூட்ஸ் முழங்கால்வரை இறங்கியது. அதை இழுக்கப் போய் இடதும் இறங்கியது. ஆட்டினான். சேறு ஒரு சப்தம் எழுப்பி இன்னும் நன்றாகக் கவ்விக்கொண்டது.

“ஆட்டாதீங்க மேஸ்திரி!” என்று படகிலிருந்து தோன் எல்வியோ கத்தினார். “ஆட்ட ஆட்ட உள்ளதான் போவீங்க!”

மாரிசெல் பக்கத்தில் வந்து, பெட்டியைப் பாறை ஒன்றின் மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். “பிடி. குதிகாலை முதல்ல தூக்கு.”

அவன் பிடிக்கவில்லை.

“மாட்டேன். தோமே இடம் எனக்கா இல்லையா, சொல்லு. அப்புறம் தூக்கறேன்.”

“லூசு, தண்ணி ஏற ஆரம்பிச்சிரும்டா.”

“ஏறட்டும். நான் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன், மாரி.”

இதைச் சொல்லும்போது கூடவே ஒரு வேடிக்கையும் வாய் நுனிக்கு வந்தது. கழிப்பறை பற்றியது, நல்ல வேடிக்கைதான். முதல் தடவையாக அதை விழுங்கினான்.

மாரிசெல் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், தூரத்தில் கையசைப்பதை நிறுத்திவிட்ட ஓரியேத்தாவைப் பார்த்தாள்.

“எப்ப விட்ட?”

“ஓரியேத்தா எழுதினப்போ.”

“கடவுளே.” மூச்சை இழுத்துவிட்டாள். “இல்ல, நிபா. இடம் உனக்கில்ல. நம்மகூடப் படிச்ச ரொசாவ்ராவுக்குக் கொடுத்தாச்சு. சூளை வெடிச்சதுக்காக இல்ல, நீ இங்க வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். யார் சொல்றதுன்னு மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டுட்டு இருந்தோம். உன் மேல எனக்குக் கோபமும் இல்ல. நீ பக்கத்துல இருந்தா நான் சிரிக்கிறேன், சிரிச்சா கை ஆடுது. வருஷத்துல ஒரு வாரம் கை ஆடலாம். தினம் ஆடினா நான் என்னத்தைப் பண்ணுவேன்? நீ வேலையை விட்டது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. அந்தக் கடல் சிங்கம் உடம்பெல்லாம் அவசரம். மூக்கு மட்டும் அவசரப்படாம செஞ்சிருக்க. அது நல்லா இருக்கு. அதை நான் திருப்பித் தரப் போறதில்ல. இப்பக் குதிகாலைத் தூக்கு.”