ஒன்பது அங்குலத்துக்குப் பத்து

டிவி தொடர் செட்டில் எல்லோரும் என்னை டேப்பக்கா என்பார்கள். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் என்னைப் பார்த்தவர்கள் கிடையாது. டேப்பைவிட என் வாய்தான் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் அதே செட்டில் பெயின்டர். நான் மரத்தை அறுத்து வீடு கட்டினால், அவர் அதற்கு வண்ணம் அடித்துவிட்டு வீட்டையே தான் கட்டியது மாதிரி நிற்பார்.

ஆறு வருடம் ஓடிய குழந்தைகள் தொடர் அது. ஒரு வீடு, ஓர் அசட்டு அப்பா, அவரை ஆட்டி வைக்கும் மகள். மகளாக நடித்தவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வயதில் வந்தவள். முதல் நாளே என் பசை டப்பாவில் உட்கார்ந்து பாவாடையோடு ஒட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அத்தை.

தொடரின் கடைசிக் காட்சியில் வாசல் மணி அடிக்கும், மகள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். அதோடு நிறுத்திவிட்டார்கள். மீதிக் கதையை ஒரு முழு டிவி படமாக எடுத்து முடிப்பதாகப் பேச்சு. சேனல்காரர்கள் அதை இழு இழு என்று இழுத்து ஒன்றரை வருடம் ஆக்கினார்கள். படமோ அவள் கதவைத் திறக்கும் அதே நொடியில் ஆரம்பிக்கிறது. இந்த ஒன்றரை வருடத்தில் நாலரை அடி வாலு ஐந்தடி ஆகிவிட்டாள். ஒரு கதவைத் திறப்பதற்குள் ஒரு பிள்ளை அரை அடி வளருமா?

சேனல் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "வேற பொண்ணப் போட்டுடலாம். சின்னதா ஒருத்திய நானே பாத்து வெச்சிருக்கேன். செட் ரெடியானதும் ரெண்டு பேரையும் டெஸ்ட் எடுங்க. யாரு பொருந்துறாங்களோ அவங்கதான்."

டைரக்டர் வழக்கம்போல, "சரிங்க மேடம்" என்றார். அவருக்கு அந்த ஒரு வசனம்தான் மனப்பாடம்.

மறுநாள் உடை அளவு கொடுக்க வந்த வாலுவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகை வளைத்து, கழுத்தை உள்ளே இழுத்து, முட்டியை மடக்கி நடந்தாள்.

"என்னடி, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல அத்தை. இப்படி நடந்தா நாலு அங்குலம் குறையுது. வீட்ல அளந்து பாத்தேன்." தலையை நிமிர்த்தவே இல்லை. "பாலும் குடிக்கிறதில்ல. இது என் படம் அத்தை. வேற யாரோ வந்து எங்க அப்பாவக் கட்டிப்பிடிப்பாளா?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த உளியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. வளர்ந்தது ஒரு குற்றமா? வளர்கிற பிள்ளையைக் கூன் போட்டு நடக்க வைத்துவிட்டு இவர்கள் குழந்தைகளுக்குப் படம் எடுக்கப் போகிறார்களாம்!

"நிமிந்து நில்லுடி. பாலையும் குடி. மத்தத நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அளவெடுத்தேன். சரியாக அறுபது அங்குலம். முன்பு ஐம்பத்து நான்கு. அதாவது, ஒன்பது அங்குலம் இருந்த இடத்திலெல்லாம் பத்து அங்குலம் வைத்தால் போதும். பிள்ளை சுருங்க வேண்டாம், வீடு வளரட்டும். பழைய செட்டை எப்போதோ பிரித்துவிட்டதால் எப்படியும் புதிதாகத்தான் கட்ட வேண்டும். டைரக்டரிடம் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, "சரிங்க அக்கா" என்றார். மேடத்திடம் யாரும் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டு நாள் ஊண் உறக்கம் இல்லை. ஆறே முக்கால் அடிக் கதவு ஏழரை அடி ஆனது. மேஜை, நாற்காலி, படிக்கட்டு, ஜன்னல், டம்ளர், தட்டு, கதவுக் கைப்பிடிகூட வளர்ந்தன. சுவரில் இருக்கும் பூக்களைப் பெரிதாக வரைய வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் முறைத்தார். "நானூத்திப் பன்னெண்டு பூ இருக்கு, தெரியுமா?" என்றார். தெரியாமலா கேட்டேன்?

பிறகுதான் அப்பா நடிகரின் நினைவு வந்தது. மனிதர் ஏற்கெனவே குள்ளம். இந்த வீட்டில் விட்டால் அவரும் குழந்தையாகிவிடுவார். ஏழு அங்குலத்தில் கட்டைச் செருப்பு செய்து, அதை மறைக்க நீளக் கால்சட்டை தைத்துக் கொடுத்தோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்துவிட்டு, "டேப்பக்கா, இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார்.

டெஸ்ட் நாள் வந்தது. முதலில் வாலு, பிறகு புதுப் பெண். மேடம் தாமதமாக வந்தார். செட் சுவருக்குப் பின்னால், டைரக்டர் பக்கத்தில், கேமரா பார்ப்பதைக் காட்டும் சின்ன டிவிக்கு முன் உட்கார்ந்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் விழுந்திருக்கும்.

மணி அடித்தது. சமையலறையிலிருந்து வாலு கேமராவுக்கு முதுகைக் காட்டி ஓடினாள். கதவருகே விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அப்போதுதான் டிவியில் பார்த்தேன், சுவிட்ச் போர்டு! எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டு அதை மட்டும் கடையில் வாங்கிய அளவிலேயே மாட்டியிருக்கிறார் என் வீட்டுக்காரர். அவள் விரல் அதன்மேல் பட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆனால் அவள் விரலால் தொடவில்லை. எட்டாத பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்து, உள்ளங்கையால் போர்டையே மூடி ஓர் அடி அடித்தாள். விளக்கு எரிந்தது.

மேடம் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா? நான் சொன்ன பொண்ணு எவ்வளவு பொருத்தமா இருக்கா! அப்படியே பழையவ சின்னதுல இருந்த மாதிரியே குதிக்கிறா!"

டைரக்டர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது. தாமதமாக வந்ததால், வாலுவின் முறை முடிந்துவிட்டது என்று மேடம் நினைத்திருக்கிறார்.

டிவியில் அந்தப் பிள்ளை ஏழரை அடிக் கதவைத் திறந்தாள். ஓங்கி உயர்ந்த அப்பா நின்றார். அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு கேமரா பக்கம் திரும்பினாள். வாலு!

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. விருட்டென்று எழுந்து செட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மேஜை அவர் வயிற்றுக்கு மேல் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், பாதம் தரையில் படவில்லை. அப்பா நடிகர் கட்டைச் செருப்பில் தள்ளாடினார்.

வாலு வந்து மேடத்தின் எதிரில் நின்றாள். முதுகு வளையவில்லை, முட்டி மடங்கவில்லை. அவர் எழுந்து நின்றபோது பார்த்தால், மேடத்தைவிட அவள் உயரம்.

"யாரு கட்டினது இத?"

"நான்தான்" என்றேன். சண்டைக்குத் தயாராக இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மேடம் என்னைப் பார்த்தார், வாலுவை அண்ணாந்து பார்த்தார். பிறகு டைரக்டரிடம் திரும்பினார். "அந்தப் புதுப் பொண்ணுகிட்ட நானே பேசிக்குறேன். நாளைக்கே ஷூட்டிங் ஆரம்பிங்க. இவ இன்னும் வளர்றதுக்குள்ள எடுத்து முடிங்க!"

"சரிங்க மேடம்!" இவ்வளவு சத்தமாக டைரக்டர் பேசி அன்றுதான் கேட்டேன்.

வாலு கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "சுவிட்ச காலைலயே பாத்துட்டேன் அத்தை. சொன்னா மாமாவத் திட்டுவீங்கன்னுதான் கையால மூடிட்டேன்."

மாமா பெயின்ட் டப்பாவோடு மெல்ல நழுவிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை. நான் கட்டிய வீட்டில், ஐந்தடிப் பிள்ளை ஐந்தடியும் நிமிர்ந்து நின்று தன் இடத்தைப் பிடித்துவிட்டாள். நான் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன், அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.