நாற்காலி போட்ட இடம்

இறந்துபோன தம்பி லியோவின் வெள்ளைச் சட்டையை நோரீன் மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்குள் காலர் மட்டும்தான் தெரியும் என்று தங்கை பெர்னடெட் சொல்லியும் கேட்கவில்லை.

"அக்கா, இன்சூரன்ஸ்காரர் கூப்பிட்டா வாயைத் திறக்காதே. வாடகையைக் குறைச்சு தம்பிகிட்ட வேலை வாங்கினேன்னு தெரிஞ்சா வீடு போயிடும்."

"நவம்பர்லயே நிறுத்திட்டேனே."

"பனி அள்ளற ஷவலும் கையுமா செத்திருக்கான். யாரு நம்புவா?"

சவுத் பாஸ்டனில் அப்பா விட்டுப்போன மூன்றடுக்கு வீடு. மேலே நோரீன், கீழே லியோ வாடகைக்கு. படியில் பனி அள்ளுவான், கூரைவாரத்தில் சருகு வாருவான். அதற்காக வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்வான். தெருவில் பாதி வீட்டில் இதே ஏற்பாடுதான். பாலிசியைப் புதுப்பிக்கும்போது பேச்சுவாக்கில் அதைச் சொல்லித் தொலைத்தாள். இன்சூரன்ஸ்காரர் ப்ரூயிட் பதறிவிட்டார். கழித்த வாடகையும் வருமானம்தானாம், இவள் கணக்குக் காட்ட வேண்டும். அவனுக்கு அது சம்பளம், அவனும் வரி கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் அவன் வாடகைக்காரன் இல்லை, வேலையாள். வீட்டுப் பாலிசி கைவிரித்துவிடும், நஷ்டஈட்டை இவள் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

அன்றே கீழே இறங்கிப்போய்க் கத்தினாள். "இனிமே என் படியைத் தொட்டே, கொன்னுடுவேன்! முழு வாடகை கொடு. பனிக்கு ஆள் வெச்சுக்கறேன்."

"உத்தரவு, முதலாளியம்மா" என்றான் லியோ. அதன்பிறகு அக்கா என்றே கூப்பிடவில்லை.

லியோ இறந்த பனிப்புயலன்று அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே மாட்டிக்கொண்டாள். பெர்னடெட் போய் அழைத்துவருவதற்குள் அவள் அமர்த்திய கூலியாட்கள் படியைச் சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள்; லியோ அதைத் தொட்டானா என்று தெரிய வழியில்லை. வீடு போனால் போகட்டும். என் படிக்காகவா செத்தான்? அந்தக் கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அவன் இறந்துகிடந்ததை முதலில் பார்த்த எதிர்வீட்டு சில்வா அம்மா மக்ரோனி தட்டோடு வந்தாள். என் படியிலா அள்ளினான் என்று நோரீன் கேட்டேவிட்டாள்.

"படியா? உன் படியில முழங்கால் பனி! அதுல ஏறித்தானே உன்னைக் கூப்பிட மணி அடிச்சேன். அவன் தெருவிலே கார் நிறுத்த இடம் தோண்டினான். யாரும் புகுந்துடக் கூடாதுன்னு சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அதுல உட்கார்ந்தான். களைப்பாறுறான்னு நினைச்சேன்."

"அவனுக்கு ஏது காரு?" என்றாள் பெர்னடெட். லியோவுக்குக் கண் மங்கி லைசென்ஸ் போய் எத்தனையோ நாளாகிறது.

நோரீன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மதியம் ப்ரூயிட் போனில் கூப்பிட்டார். "கடைசியா உங்க தம்பி என்ன பண்ணிட்டிருந்தார்?"

"என் காருக்கு இடம் தோண்டிட்டிருந்தான்."

பெர்னடெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூலி பேசினீங்களா? வாடகையில கழிச்சீங்களா?"

"இல்லை. நவம்பர்லேர்ந்து முழு வாடகைதான். நான் கேட்கவே இல்லையே."

"படியைத் தொட்டாரா?"

"தொடலை. நான் சொன்னதைக் கேட்டிருக்கான், சார்."

ப்ரூயிட் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அப்போ அது வேலையே இல்லைம்மா. தம்பி அக்காவுக்குச் செஞ்ச உபகாரம். கவலைப்படாம அடக்கம் பண்ணுங்க."

நோரீனுக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமில்லாமல் பசியும் வந்தது. மக்ரோனியைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், அழுதாள், மறுபடி சாப்பிட்டாள்.

அடக்கம் முடிந்து, மருத்துவமனையில் கிடந்த காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். இடம் தேடி இரண்டு வண்டிகள் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த நாற்காலியை யாரும் தொடவில்லை. அடுத்தவர் தோண்டிய இடத்தில் கைவைப்பவன் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. இறங்கி, அதன்மேல் இருந்த பனியைத் தட்டிவிட்டு ஓரமாக வைத்தாள்.

இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்த அவளுக்கு இன்றுவரை வராது. அவள் திணறும்போதெல்லாம் லியோ ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சிரிப்பான்.

இடம் ஒன்றரைக் கார் நீளத்துக்குத் தோண்டியிருந்தது.

முதலாளியம்மாவின் கார் ஒரே திருப்பில் உள்ளே போய் நின்றது.